மருமவன் காய்ச்சும் ஈயம்

வா மருமவனே, வா. சென்னையில கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்து உக்காந்து முதுகு வளைஞ்சு போனவன், லீவுக்கு வந்த எடத்துல வீட்டுலயே ஈயம் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கப் போறேன்னு சொன்னா தாய்மாமனுக்குச் சந்தோசம் பொங்காதா? காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தினாப்புலன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நீ சேதியை வச்சே ஊத்திட்ட.

வீடியோ பாத்துப் படிச்சேன்னு சொன்ன. நானும் பாத்தேன், உன் போன்லதான். அந்த வெள்ளைக்காரன் தோலுல முன்கட்டு கட்டியிருக்கான், முகத்தை மூடி மறைப்பு போட்டிருக்கான், முழங்கை வரைக்கும் கையுறை மாட்டியிருக்கான், காலுல கணுக்கால் மூடுற பூட்ஸு. நீ அவன் வாயைப் பாத்த, ஒடம்பைப் பாக்கல. அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்புமா வந்து நிக்க. நல்லது, ரெண்டு பெருவிரலும் எதுக்கு, ஒண்ணு போதாதா.

ஈயம் ரொம்ப எளகின மனசுக்காரன், கேட்டியா. செம்பு உருகணும்னா 1085 டிகிரி வேணும். இரும்புக்கு 1500க்கு மேல போகணும். இவன் 327 டிகிரியிலயே சரணாகதி. விறகடுப்பு போதும், கேஸ் அடுப்பு போதும். இந்தச் சுளுவுதான் வெனையே. செம்பு உருக்குதது கஷ்டம்ங்கதால உன்னை மாதிரி ஆளு அதுக்குக் கிட்டயே போறதில்ல. ஈயத்தைப் பாத்தா மட்டும் எல்லாருக்கும் பட்டறை வைக்கத் தோணுது. உருக்குதது ஒரு வேலையே இல்லடே. உருக்கினது எங்க எங்க போய் உக்காருதுன்னு பாத்துக்கிறதுதான் வேலை. வீடியோக்காரன் அதை மட்டும் வேகமா ஓட்டிட்டான்.

முதல்ல எடம். அடுப்படியிலேயே வச்சுக்கிறேன், ஜன்னலைத் திறந்து விட்டுருதேன்னு உங்க அத்தைகிட்ட சொன்னியாமே. அவளும் சரின்னுட்டா, பாவம், ஏதோ ஆப்பத்துக்கு மாவு காய்ச்சுறான்னு நெனைச்சிருப்பா. தாராளமா செய்யி. தாளிக்கிற எடத்துல காரீயத்தூசி படியட்டும், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆறாவது அறை போட்டுருவோம். கிறுக்குப்பய மவனே, வெட்டவெளியில வைடா. அதுலயும் காத்தைப் பாத்து வைக்கணும். மத்தியானத்துக்கு மேல கொண்டல் அடிச்சா கடப்பக்கத்துல இருந்து நேரா வீட்டுக்குள்ளதான் வரும். அப்ப அடுப்பு வீட்டுக்கு மேக்கால இருக்கணும். காத்து உன் முதுகுல படணும், மூஞ்சில படக் கூடாது.

‘அத்தை ஈயச் சொம்புல ரசம் வைக்கலையா, நாமெல்லாம் செத்தா போயிட்டோம்?’னு ஒரு கேள்வி கேட்ட பாரு, அங்கதான் நீ படிச்ச புள்ளைன்னு தெரிஞ்சுது. அது வெள்ளீயம்டா. நீ சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்திருக்கது காரீயம். வேற வேற உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிரும், அதான் உங்க அத்தை புளித்தண்ணி ஊத்தாம சொம்பை அடுப்புல ஏத்த மாட்டா. ஏத்தினா ரசமும் இருக்காது, சொம்பும் இருக்காது. காரீயத்துல இவ்வளவு உள்ள போனா பரவால்லங்க கணக்கே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. வெள்ளீயத்தோட காரீயத்தைக் கலந்து சொம்பு அடிச்சு விக்கிற புண்ணியவானுங்களும் உண்டு, அது வேற கதை.

சரி, சட்டியைக் காட்டு. அலுமினியச் சட்டியா? பேஷ். அது 660 டிகிரியில உருகும்னு கூகுள்ல பாத்துட்டுதான் வாங்கினியாக்கும். ஈயம் அதுக்கு முன்னாலயே உருகிரும்னு கணக்குப் போட்டிருக்க. அடியில தீ எவ்வளவுன்னு யாரு கணக்குப் போட்டா? கேஸ் தீ ஒரே எடத்துல நின்னு எரிஞ்சா அடி இளகிரும். அதுவும் மேல என்ன பாரம்னு நெனைக்க? டீக்கடை கிளாஸ் ஒண்ணு 100 மில்லி பிடிக்கும்னு வச்சுக்க. அந்தக் கிளாஸ் அளவு ஈயம் ஒரு கிலோவைத் தாண்டிரும். அரை லிட்டர் சட்டி ததும்பினா அஞ்சு கிலோவுக்கு மேல. பால் காய்ச்சுற ஸ்டாண்டுல அஞ்சு கிலோ உருகின உலோகத்தை ஏத்தி வச்சுட்டு போனை நோண்டிட்டு நிக்கப் போற. கனமான இருப்புச்சட்டி எடு. அகலமா கால் பரப்பி நிக்கிற அடுப்பு பாரு. பாதிக்கு மேல ரொப்பாத. கரண்டியும் இரும்பாவே இருக்கட்டும், பத்த வச்ச பிடி போட்டது வேண்டாம். பத்து அங்கயே உருகிச்சுன்னா பிடி உன் கையில இருக்கும், கரண்டி உன் காலுல இருக்கும். அந்தச் சட்டிக்கும் கரண்டிக்கும் சிவப்புப் பெயின்ட் அடிச்சு வை. இல்லேன்னா உங்க அத்தை ‘நல்ல கனமா இருக்கே’ன்னு தோசைக்கு எடுத்துருவா.

இப்பச் சாக்கைக் கொட்டு, பாப்போம். இது டயருல ஒட்டுற எடைக்கட்டி. பழைய எடைக்கட்டி நல்ல ஈயம்தான், ஆன்டிமனி சேத்திருப்பான், கொஞ்சம் கெட்டியா நிக்கும். ஆனா இப்ப அதுலயும் துத்தநாகம், இரும்புன்னு கலந்து வருது. இரும்பு வந்தா கவலையில்ல, உருகின ஈயத்துல இரும்பு மிதக்கும், அள்ளி எறிஞ்சுரலாம். உனக்கு இது வேடிக்கையா இருக்கும், இரும்புத்துண்டு தக்கை மாதிரி மேல நிக்கும். துத்தநாகமும் மிதக்கும், 419 டிகிரி வரைக்கும். அதைத் தாண்ட விட்டியோ, கரைஞ்சு கலந்துரும். பெறவு மொத்தச் சட்டியும் கட்டிகட்டியா நின்னு போகும், அச்சுல ஓடாது, துப்பினாலும் போகாது. ஆகையினால சூடு பாக்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கு, மாவு பாக்கிற கண்ணால பாக்காத. 350க்கும் 400க்கும் நடுவுல நிப்பாட்டு. அவசரப்பட்டுத் தீயை ஏத்துதவனுக்குத்தான் துத்தநாகம் மாட்டும், ஈயத்தூசியும் கூடும்.

அது என்னல கருப்பா, தகடு தகடா? பேட்டரியா! பழைய இரும்புக் கடையில சும்மாவே குடுத்தானா? குடுப்பான், குடுப்பான். அவன் வீட்டுல வச்சுக்க அவனுக்கு என்ன பைத்தியமா? சிரிப்பு போதும், இதைக் கொஞ்சம் நேராவே சொல்லுதேன். பேட்டரித் தகட்டுல கந்தக அமிலம் ஊறியிருக்கும், பாதிக்கு மேல ஈயமே கிடையாது, ஈயத்துப் பொடிப் பசை. ஆர்சனிக், ஆன்டிமனி எல்லாம் கூட இருக்கும், அந்தக் கசடு ஈரம் பட்டுச்சுன்னா விசவாயு கெளம்பும். ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுல டக்கார் பக்கம் தியாரோய்னு ஒரு மீன்பிடிக்கிற ஊரு. நம்ம ஊரு மாதிரி கடல்தான், வள்ளம்தான், வலைதான். அங்கயும் பேட்டரியை உடைச்சு, ஈயத்தை எடுத்து, வலைக்குக் குண்டு வார்த்துக்கிட்டு இருந்தாங்க, வருசக்கணக்கா. கழிவெல்லாம் ஊரு மண்ணுல. 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள அந்த ஊருல 18 சின்னப் புள்ளைங்க செத்துப் போச்சு. பெரியவங்க உருக்கினாங்க, மண்ணுல வெளையாடினது புள்ளைங்க. உன் தகட்டைத் திருப்பிக் கட்டு. புதுப் பேட்டரி வாங்கப் போறப்ப பழசைக் குடுத்தா கடையில கழிச்சுக்குவான், அவன் அதை லைசென்ஸ் வாங்கின எடத்துக்கு அனுப்பணும்னு 2022ல விதியே போட்டிருக்கு. உடைக்கிறதுக்கு உன் வீடு இல்ல, வேற எடம் இருக்கு.

அடுத்து, தண்ணி. இதுக்குக் கொஞ்சம் கிட்ட வந்து கேளு.

உருகின ஈயத்து மேல ஒரு சொட்டு வேர்வை விழுந்தா ‘சுர்’ருன்னு ஆவியாப் போயிரும். பயந்துக்கிட்டு நிப்ப, ஒண்ணும் ஆகாது, ‘மாமா சும்மா மிரட்டினாரு’ன்னு நெனைப்ப. மேல விழுற தண்ணி வெட்டிப் பேச்சு. உள்ள மாட்டுற தண்ணிதான் மச்சான் உறவு, கழுத்தைப் பிடிக்கும். தண்ணி ஆவியாச்சுன்னா கிட்டத்தட்ட 1600 மடங்கு எடம் கேக்கும். ஈயத்துக்கு அடியில அது எடம் கேட்டா ஈயம் என்ன பண்ணும்? எந்திரிச்சு வழி விடும், மேல பாத்து, சட்டி மொத்தமும், உன் மூஞ்சி எங்கயோ அங்க.

தண்ணி எங்க இருந்து வரும்னு கேக்க. நீ கடக்கரையில பொறுக்கி வச்சிருக்கியே, பழைய குண்டு, பவளப்பாறையில மாட்டி அறுந்து அலையில ஒதுங்கினது. கையில எடுத்து ஆட்டிப் பாரு. காதுகிட்ட வச்சுப் பாரு. காஞ்சாப்புலதான் இருக்கும். கம்பி சொருகின துவாரத்துக்குள்ள, சிப்பி ஒட்டின இடுக்குக்குள்ள உப்புத்தண்ணி ஒளிஞ்சிருக்கும். நாலு நாளு வெயில்ல காஞ்சாலும் உப்பு காத்துல இருந்து ஈரத்தை இழுத்துக்கும். அதை உருகின ஈயத்துல ‘டொபுக்’குன்னு போடுதவன் அன்னைக்கு வீட்டுக்கு அடையாளம் மாறிப் போவான். அதனால எதைப் போட்டாலும் குளிர்ந்த சட்டியில போடு, எல்லாத்தையும் சேத்து ஆரம்பத்துல இருந்து சூடேத்து. ஈரம் இருந்தா ஈயம் உருகுதுக்கு முந்தியே போயிரும். பாதியில இன்னும் கொஞ்சம் சேக்கணும்னா தீயை அமத்தி, ஈயம் உறையட்டும், அதுக்கப்புறம் சேத்துக்கோ. பொறுமை இல்லேன்னா பஜ்ஜி சுட்டுச் சாப்பிட்டுட்டுத் தூங்கு.

அச்சும் அப்படித்தான். ஆத்து மணலுல குழி எடுத்து ஊத்துனா போதும்னு உன் கூட்டாளி சொன்னானாமே. கடமணலு வேற பக்கத்துலயே கெடக்கு, செலவில்ல. ஈர மணலுல ஊத்தினா அடியில இருந்து நீராவி கிளப்பும், ஈயம் மணலோட சேந்து தெறிக்கும். சிமெண்டு, களிமண், பிளாஸ்டர்னு எது எடுத்தாலும் முதல்ல நல்லாக் காயவச்சு, அடுப்புல சுட்டு எடுத்துக்கோ. நீ ஆன்லைன்ல வாங்கியிருக்கியே அலுமினிய அச்சு, அதுல ஈரம் தங்காது, நல்லதுதான், ஆனா கொரியர்காரன் குடுத்தாப்புலயே தூக்கி வச்சு ஊத்தாத. எண்ணெய் தடவியிருப்பான், சோப்பு போட்டுக் கழுவி, காயவச்சு, சூடேத்து. வானத்துல தூறல் விழுற மாதிரி இருந்தா அடுப்பையே மூட்டாத. பக்கத்துல தண்ணி வாளி வைக்கிறது எல்லா வேலைக்கும் நல்லது, இதுக்கு மட்டும் ஆகாது. தீ பிடிச்சா போட காஞ்ச மணல் ஒரு வாளி வை.

ஊத்துதது சின்ன வேலை. விளக்குப் புகையில அச்சுக்கு உள்பக்கம் கரி பிடிக்க வச்சா குண்டு ஒட்டாம கழண்டு வரும். மேல பொறக்குற கசடை ஓரமா ஒதுக்கி, அடியில இருக்கிற பளபளப்பைக் கரண்டியில அள்ளி, நிறுத்தாம ஒரே தாரையில ஊத்து. நடுவுல நிறுத்தி மறுபடி ஊத்தினா ரெண்டா நிக்கும், கடல்ல போட்டவுடனே பிரிஞ்சு மீனுக்கு சீதனமாப் போயிரும். மொத மொத எடுக்கிறது சுருக்கம் சுருக்கமா இருக்கும், அச்சு இன்னும் சூடேறலன்னு அர்த்தம், திருப்பிப் போட்டு உருக்கிரு. பின்னாடி வந்ததுல மேல உப்பு பூத்தாப்புல மங்கலா இருந்தா அச்சு அதிகச் சூடு. ஈயம் உறையும்போது சுருங்கும், மேல ஒரு குழி விழும், அதுக்காகக் கடைக்காரன்கிட்ட சண்டை போடாத.

இப்ப விசயத்துக்கு வாரேன். குண்டு வந்தாச்சு, நீ போட்டோ எடுத்துப் போட்டாச்சு, லைக் விழுந்தாச்சு. பெறவு?

உன் கையைப் பாரு. சாம்பல் கலருல மின்னுதா? அந்தக் கையோடதான் வீட்டுக்குள்ள வந்து ‘பசிக்குது’ன்னு கேப்ப. உனக்குப் புகையைப் பாத்தா பயம், தூசியைப் பாத்தா பயமில்ல. 400 டிகிரியில ஈயம் அவ்வளவாப் புகையாது, கொதிக்கணும்னா 1749 டிகிரி வேணும். நீ பாக்கிற புகை எண்ணெய், பெயிண்டு, மெழுகு. அதையும் மோந்துக்கிட்டு நிக்காத, ஆனா அசல் திருடன் அந்தக் கசடுதான். மேல படியுற மஞ்சளும் சாம்பலுமான பொடி. பொடியை ஊதாத, காஞ்ச வெளக்குமாத்தால கூட்டாத, ஈரத்துணியால ஒத்தி எடு. அதுக்குன்னு தகர டப்பா ஒண்ணு, மூடி போட்டு, மேல எழுதி வை. துண்டை மூக்குல கட்டிக்கிட்டா போதும்னு சொல்லாத, துண்டு வேர்வைக்கு. தூசி வடிக்கிற முகமூடி மருந்துக்கடைக்காரன்கிட்ட இல்லேன்னா ஹார்டுவேர் கடையில கேளு.

அடுப்புகிட்ட நிக்கிற வரைக்கும் வெத்தலை, பீடி, டீ, முறுக்கு ஒண்ணும் கிடையாது. ‘மாமா, நீங்க மட்டும் வாயில வெத்தலையோட நிக்கீங்களே’ன்னு கேக்காத, நான் தள்ளி நின்னுதான் வழி சொல்லுதேன். முடிஞ்சதும் வீட்டுக்குள்ள காலை வைக்காம வெளியவே கைகாலை சோப்பு போட்டுக் கழுவு, சட்டையைக் கழட்டித் தனியா அலசு. புள்ளைத் துணியோட சேத்து மெஷின்ல போடாத. உன் புள்ளை இன்னும் தவழுது, தரையில எது கெடந்தாலும் கையில எடுத்து வாயில போடுது. பெரியவங்க ஒடம்பு உறிஞ்சுததைவிட நாலு அஞ்சு மடங்கு புள்ளை ஒடம்பு உறிஞ்சும். காரீயம் உள்ள போனா கால்சியம்னு நெனைச்சு எலும்புல கொண்டு போய் வச்சுக்கும், வருசக்கணக்குல வெளிய விடாது. வயித்துவலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தசோகைன்னு பெரியவங்களுக்கு வரும். புள்ளைக்கு மூளையில வேலை காட்டும். தாய்மாமன் நான் வெறும் முறுக்குக்கே காசு கணக்குப் பாக்குறவன், நாளைக்கு அவனுக்கு டியூசன் பீஸ் கட்ட என்னால ஆகாது.

கோழியையும் அடைச்சு வை. கோழிக்கு மின்னுறது எல்லாம் தானியம். ஈயத்துணுக்கைக் கொத்திச்சுன்னா அதோட முட்டையில வந்து நிக்கும், முட்டை யாரு தட்டுல வந்து நிக்கும்னு உனக்கே தெரியும். இன்னொண்ணு, தங்கூசில சின்ன ஈயத்தை வச்சுப் பல்லால கடிச்சு இறுக்குறது நம்ம ஊருல எல்லாரும் செய்யுற பழக்கம். குறடு எடுத்துக்கோ. பல்லு பல்லாவே இருக்கட்டும்.

தோட்டாவும் வார்க்கலாமான்னு மெதுவாக் கேட்ட, உங்கம்மா காதுல விழாம. விழுந்திருந்தா எங்க அக்கா உன்னையே உருக்கியிருப்பா. லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம், போலீசு தேடி வரும், நான் ஜாமீனுக்கு வர மாட்டேன். அந்தத் தொழில் தெரிஞ்சுக்கணும்னு ஆசைன்னா இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊருல வில்லியம் வாட்ஸ்னு ஒருத்தன் கதை கேளு. கொழாய் வேலைக்காரன். உருகின ஈயத்தை ஒசரத்துல இருந்து சல்லடை வழியா விழ விட்டா, விழுற துளி காத்துல உருண்டையா உறைஞ்சு தண்ணித் தொட்டில விழும்னு கண்டுபிடிச்சான். அதுக்கு ஒசரம் வேணுமே? சொந்த வீட்டுத் தளத்தை எல்லாம் ஓட்டை போட்டு, மேல கோபுரம் எழுப்பி, கீழ குழி தோண்டினான். 1782ல காப்புரிமை வாங்கிட்டான். அவன் பொண்டாட்டி என்ன சொன்னாளோ. நம்ம வீட்டு மச்சு ஒழுகுது, அதை நீ தொடாத.

குண்டு ஈயத்துலதான் இருக்கணும்னு ஒரு விதியும் இல்ல, தெரியுமா. முத்துக் குளிக்கப் போனவங்க கல்லைக் கட்டிக்கிட்டுத்தான் அடிக்கு இறங்கினாங்க. பாறை நெறைஞ்ச எடத்துல நான் கல்லைத்தான் கட்டுவேன், இல்லேன்னா பழைய நட்டு, வண்டியில கழட்டின ஸ்பார்க் பிளக்கு. போனா போகட்டும். லண்டன் பக்கத்து ஆத்துல தூண்டில்காரன் விட்ட சின்ன ஈயத்தைத் தீனின்னு முழுங்கி அன்னம் எல்லாம் செத்துச்சுன்னு 1987ல இருந்து 28 கிராம் வரைக்குமான ஈயக்குண்டு விக்கக்கூடாதுன்னு பிரிட்டன்ல தடை போட்டுட்டான். அன்னத்துக்கு இருக்கிற மருவாதி நம்ம கொக்குக்கும் நாரைக்கும் எப்ப வருமோ, அது வரைக்கும் சின்ன எடை எல்லாத்தையும் கல்லுலயும் இரும்புலயும் பாத்துக்கோ.

ஆனா ஆழத்துக்கு ஈயம் ஈயம்தான், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். சின்னதா இருந்துக்கிட்டு கனமா இறங்கும், நீரோட்டத்துல தள்ளாது. எனக்குக் கைத்தூண்டிலுக்கு 200 கிராமுல பத்துக் குண்டு வேணும். மேல மெலிஞ்சு, கீழ பருத்து இருக்கட்டும், பாறையில மாட்டாது. கண்ணுக்குப் பித்தளைக் கம்பி வை, இரும்புக் கம்பியை உப்புத்தண்ணி தின்னுரும். மொத வார்ப்பு வேண்டாம், அதுல சுருக்கம் இருக்கும், மூணாவது நாலாவது வார்ப்புல இருந்து பொறுக்கி எடுத்து, கழுவி, பேப்பர்ல சுத்திக் குடு. துட்டா? உன் கல்யாணத்துல தாய்மாமன் சீரு செஞ்சேன்லா, மோதிரம், வேட்டி சட்டை, பித்தளைக் குத்துவிளக்கு. அதுல கழிச்சுக்கோ.